மழலையும் உளறலும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தெற்கு நோக்கிச் சுமார் 8 கிலோமீட்டர் போனால் நோணாங்குப்பம் என்னும் ஊர் வரும். சுண்ணாம்பாறு கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னால், இனி அவசரப்பட்டு ஆவதென்ன என்று எண்ணினாற்போல், அகன்று தயங்கி நிற்கும் இடம் அது. விடுமுறை நாட்களில் அங்குள்ள படகுத் துறையில் ஜனக்கூட்டம் சொல்லி முடியாது. குழந்தை குட்டிகளுடன் படகேறி, முகத்துவாரத்து மணல் திட்டுக்குப் போய்க் கடலில் கால் நனைத்துத் திரும்புவார்கள். நாம் சில மாதங்களுக்கு முன் அந்த ஊருக்குப் போனது உல்லாசத்துக்காக அல்ல. நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். போன இடத்தில் ஒரு சொல்லின் அர்த்தத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினோம். அகராதியில் அந்த அர்த்தம் முன்பே இருந்தது. நாம்தான் அதைப் படித்தும் படியாதவர்களாக இருந்தோம்.

நாம் பார்க்கச் சென்றவர் நம்முடைய தகப்பனாரின் பால்ய சிநேகிதர். இரத்த சம்பந்தம் இல்லாவிடினும், நினைவு தெரிந்த நாள் முதல் நாம் 'சித்தப்பா' என்றே அழைத்து வந்தவர். 1962-ஆம் ஆண்டில் புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவுக்கு அளிக்கும் உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது, அங்கிருந்த சில ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டார்கள். சித்தப்பாவின் குடும்பம் அவற்றுள் ஒன்று. வாலிபத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, 15 வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகத் திரிந்து, பென்ஷனுடன் திரும்பி வந்தவர். புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்பார்கள். அது பிரெஞ்சு மொழியில் சிப்பாயைக் குறிக்கும் சொல்லேயாகும். சொல்தாக்கள் பொதுவாகப் பேச்சுப் பிரியர்கள். அவர்களுக்குள் நம்முடைய சித்தப்பா சக்கரவர்த்தி. அவர் திண்ணையில் உட்கார்ந்தால், தெருவில் போகிறவன் தன் காரியத்தை மறந்து நிற்பான்.

அந்தச் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் கண்டுவிட்டது. வலக் கையும் வலக் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போயிற்று. நாம் போனபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முற்றும் பேச்சில்லை என்பதற்கில்லை. வாயிலிருந்து ஏதேதோ ஒலிகள் வந்தன. அவற்றுள் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. "தலோ... தலோ..." என்றார்.

"காலையிலிருந்து இதே பாட்டுத்தான், அண்ணா! தலை வலிக்கிறது போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே அவருடைய பெண் தைலப் புட்டியை எடுத்து வந்து நெற்றியில் தேய்த்தாள். சித்தப்பா நல்ல கையினால் அவள் கையைத் தட்டிவிட்டார். அவள் மறுபடியும் தேய்த்தாள். அவர் மறுபடியும் தட்டிவிட்டார். கண்ணில் நீர் முட்டிற்று. தைலத்தின் காரம் என்று நாம் நினைத்தோம்.

"பாவம், உளறுகிறார். நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார் மாப்பிள்ளை.

நாமும் "பாவம்" என்று தலையை ஆட்டினோம். காப்பி வந்தது, குடித்தோம். சற்று நேரம் ஆற்றோரம் நடந்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி, கூசாமல் சொல்வதானால், அங்கிருந்து தப்பித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

ஆற்றங்கரையில் நடக்கும்போது 'உளறுகிறார்' என்ற அந்த வார்த்தை நம்மைத் தொடர்ந்து வந்தது. தெளிவில்லாத பேச்சுக்குத் தமிழில்தான் எத்தனை பெயர்கள்! உளறல், குழறல், பிதற்றல், திக்கல், முணுமுணுப்பு, குதலை, மிழற்றல், மழலை. எல்லாம் காதுக்கு விளங்காத பேச்சையே குறிக்கின்றன. ஆயினும் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டுப் பார்த்தால் பெரிய ரகளை உண்டாகிவிடும். ஜுரத்தில் கிடப்பவன் பிதற்றுகிறான், கிளி மிழற்றுகிறது. வேலைக்காரன் முணுமுணுக்கிறான், எஜமான் 'தமக்குள் யோசிக்கிறார்'. 'உங்கள் குழந்தை அழகாக உளறுகிறது' என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டில் காப்பியை எதிர்பார்க்க முடியுமா?

இந்தச் சொற்களுக்குள் மழலை என்பதன் பிறப்பு மிகவும் விசேஷமானது. அதில் 'தெளிவின்மை' என்ற பொருள் ஆதியில் கிடையவே கிடையாது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் உரியியலில், மழ என்பதும் குழ என்பதும் இளமையைக் காட்டும் சொற்கள் என்று விதித்திருக்கிறார். குழ என்பதன் வழியில் வந்தவை குழவியும் குழந்தையும். மழ என்பதன் வழியில் வந்தது மழலை. ஆகவே மழலைச் சொல் என்றால் இளஞ்சொல் என்றே அர்த்தம். பச்சைப் பிள்ளையின் பேச்சைக் கேட்ட தமிழன், 'இது விளங்காத பேச்சு' என்று பெயர் வைக்கவில்லை. 'இது இளம் பேச்சு' என்று பெயர் வைத்தான். இளமரத்தைக் காயாத மரம் என்று யாராவது சொல்வார்களா? அது காய்க்கப் போகிற மரம். அதுபோல மழலையும் விளங்கப் போகிற பேச்சு. திருவள்ளுவர் குழலையும் யாழையும் இதற்குக் கீழே இறக்கி வைத்ததில் வியப்பில்லை. தம் மக்களின் மழலையைக் கேளாதவர்களே அவற்றை இனிது என்பார்கள் என்று அவர் சொன்னதை அறியாத தமிழ் வீடு உண்டா?

ஒரு வேடிக்கையையும் இங்கே கவனிக்க வேண்டும். மழலை என்ற சொல்லிலுள்ள ழகரத்தை மழலை பேசும் குழந்தையால் உச்சரிக்க முடியாது. குழந்தை கிடக்கட்டும், மேடைப் பிரசங்கிகளுள் எத்தனையோ பேருக்கு அது 'மளலை'தான். பிறரை உளறுவாயர் என்று சொல்லுமுன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

குழந்தையின் நாவுக்கு ரகரமும் எளிதில் வராது, லகரமே வரும். ராமன் லாமனாகிறான், ராஜா லாஜாவாகிறார். நாம் குழந்தையை வாரி எடுத்து முத்தமிடுகிறோம். இதே பிழையை வேறொருவர் செய்தபோது நேர்ந்ததைக் கேளுங்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பதஞ்சலி முனிவர், இலக்கணம் கற்பதன் பயனை மகாபாஷ்யத்தின் தொடக்கத்தில் எடுத்துச் சொல்லும்போது அசுரர்களின் கதை ஒன்றைக் குறிக்கிறார். யுத்தத்தில் அசுரர்கள் 'ஹே பகைவர்களே' என்று கூவ எண்ணினார்கள். பகைவர்களைக் குறிக்கும் 'அரய' என்ற சொல்லிலுள்ள ரகரம் அவர்கள் வாயில் லகரமாகிவிட்டது. 'ஹேலய, ஹேலய' என்று கூவினார்கள், தோற்றுப் போனார்கள். ஆகையால் அப்படிக் கொச்சையாகப் பேசலாகாது, அதுவே மிலேச்சம் என்பது பதஞ்சலியார் சொல்லும் நீதி. பாணினி மரபைச் சேர்ந்த தாதுபாடத்திலும், மிலேச்சன் என்ற சொல்லுக்கு மூலமான தாதுவுக்குத் தெளியாத ஒலி என்றே பொருள் கூறப்பட்டிருக்கிறது.

முதலில் மிலேச்சம் என்பது தெளிவில்லாத பேச்சு. பிறகு மிலேச்சன் என்றால் அப்படிப் பேசுகிறவன். அதற்கும் பிறகு அன்னியன், ஆசாரமற்றவன், தீண்டத் தகாதவன் என்று பொருள் இறங்கிக்கொண்டே போயிற்று. காதுக்கு விளங்கவில்லை என்று ஆரம்பித்த விஷயம், மனிதனே தாழ்ந்தவன் என்பதில் போய் முடிந்தது. ஒரே ரகரம், ஒரே லகரம். குழந்தைக்கு முத்தம், அசுரனுக்குச் சாபம்!

இது நம் தேசத்தில் மட்டும் நடந்ததென்று யாரும் வருந்த வேண்டாம். கிரேக்கர்கள் தங்கள் மொழியைப் பேசாதவர்கள் அனைவரையும் 'பர்பரோஸ்' என்றார்கள். ஹோமர் தமது இலியத் காவியத்தில் காரியர் என்னும் ஜாதியாரை இந்தச் சொல்லைக் கொண்டே, பர்பர என்று பேசுகிறவர்கள் எனக் குறிக்கிறார். கிறிஸ்து சகாப்தம் பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த ஸ்டிராபோ என்னும் பூகோள ஆசிரியர் இந்தச் சொல்லை ஆராய்ந்திருக்கிறார். நாக் குழறிக் கரடுமுரடாகப் பேசுகிறவர்களைக் குறிக்க உண்டான ஒலிக்குறிப்பே அது என்றும், பின்னர் அன்னியர் அனைவருக்கும் இனப்பெயர்போல் ஆகிவிட்டது என்றும் அவர் எழுதுகிறார். வடமொழியிலும் 'பர்பர' என்ற சொல்லுக்குத் திக்கிப் பேசுதல் என்ற பொருளும் அன்னிய ஜாதியார் என்ற பொருளும் உண்டு.

இதே ஸ்டிராபோதான், செங்கடல் துறையிலிருந்து ஆண்டுதோறும் 120 கப்பல்கள் வரையில் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டன என்றும் எழுதி வைத்தவர். யவன வியாபாரத்தின் சின்னங்கள் நிறைந்த துறை ஒன்று, நாம் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு வடக்கே, வெகு தூரமில்லை, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. அரிக்கமேடு என்றால் அறியாதவர் இல்லை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலி தேசத்து அரெட்சோ நகரத்துக் குயவர்களின் முத்திரை பதித்த செந்நிறக் கிண்ணங்களின் ஓடுகள் கிடைத்தன. திராட்சை மது வந்த கூர்ஞ்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அதே மண்ணில், தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. லத்தீன் முத்திரையும் தமிழ் எழுத்தும் ஒரே குழியில் ஒன்றோடொன்று சண்டையில்லாமல் கிடந்தன. அவற்றைக் கையாண்ட மனிதர்கள் மட்டும், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுச் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? யவன மாலுமிக்கு நம்முடைய பாட்டன் பர்பரன். நம்முடைய பாட்டனுக்கு அவன் மிலேச்சன்.

நம்முடைய புலவர்களும் இதற்கு விலக்கல்லர். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பற்றிய பதிற்றுப்பத்துப் பதிகம் யவனரை இனிமையற்ற கடுமொழியினர் என்கிறது. நப்பூதனார் முல்லைப்பாட்டில் பாசறையை வருணிக்கும்போது, அரசனது கூடாரத்தைக் காக்கும் மிலேச்சர்கள் வாய்திறந்து பேசாமல் உடம்பின் சைகைகளால் பேசுவதைக் காட்டுகிறார். நாவிருந்தும் பேச்சில்லாதவர்கள் அவர்கள்! ஆயினும் இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. தமிழ் வேந்தன் தான் உறங்கும் கூடாரத்தின் காவலை அவர்களிடமே ஒப்புவித்திருந்தான். அவர்கள் பேச்சு விளங்கவில்லை என்பதற்காக அவர்களுடைய விசுவாசத்தை அவன் சந்தேகிக்கவில்லை.

வேறு மொழி வழங்கும் நாட்டுக்குச் சங்க காலத்தார் இட்ட பெயர் 'மொழிபெயர் தேயம்' என்பது. மொழி மாறுகிற இடம் என்று அதற்கு அர்த்தம். இகழ்ச்சி என்பது அந்தத் தொடரில் மருந்துக்கும் இல்லை. மணிமேகலையில் வரும் சாதுவனின் கதையையும் நினைத்துக்கொண்டோம். கணிகையிடம் பொருளைத் தொலைத்துவிட்டு, வணிகருடன் கப்பலேறி, கப்பல் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்கினான் சாதுவன். மரத்தடியில் உறங்கியவனை, நல்ல உணவு கிடைத்தது என்று நாகர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவனுக்கு அவர்களுடைய பாஷை தெரிந்திருந்தது. அவர்கள் மொழியிலேயே பேசினான், உயிர் பிழைத்தான். பிழைத்ததோடு நில்லாமல், அவர்களுடைய தலைவனுக்குக் கொல்லாமை தர்மத்தையும் போதித்துவிட்டு ஊர் திரும்பினான். அவர்கள் பேச்சை உளறல் என்று தள்ளியிருந்தால் அவனுடைய கதை அந்த மரத்தடியிலேயே முடிந்திருக்கும்.

நடந்துகொண்டே படகுத் துறைப் பக்கம் வந்துவிட்டோம். புதுச்சேரி மண்ணில் நின்றுகொண்டு இவ்வளவும் நினைத்த பிறகு பிரெஞ்சுக்காரர்களை விட்டுவிடலாமா? விளங்காத பேச்சுக்குப் பிரெஞ்சு மொழியில் 'பாரகுவென்' என்று ஒரு சொல் உண்டு. அதன் பிறப்பைப் பற்றி ஒரு விளக்கம் வெகு காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. பிரான்ஸின் மேற்குக் கோடியில் பிரித்தானி என்ற பிரதேசம் இருக்கிறது. அங்குள்ளோரின் சொந்த மொழி பிரெஞ்சு அன்று, பிரெத்தோன் என்பது. அந்த மொழியில் 'பாரா' என்றால் ரொட்டி, 'குவின்' என்றால் திராட்சை மது. வழிப்பயணத்தில் பசித்த பிரெத்தோன்காரன் ஒருவன் சத்திரத்தில் நுழைந்து 'பாரா, குவின்' என்று கேட்டானாம். சத்திரக்காரனுக்கு விளங்கவில்லை. 'இதென்ன பாரகுவென்!' என்று சிரித்தானாம். உளறலுக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டதாம். இந்த விளக்கத்தை ஒப்புக்கொள்ளாத மொழி நூலாரும் இருக்கிறார்கள். ஆனால் பிரெத்தோன்காரர்கள் பட்ட பாட்டில் சந்தேகத்துக்கு இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும், பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் பேசி அகப்பட்டுக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் மரச் செருப்பு முதலிய ஒரு சின்னத்தைத் தொங்கவிட்டு அவமானப்படுத்தும் வழக்கம் அங்கே இருந்தது.

ஆங்கிலேயர் மட்டும் என்ன? 1878-இல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டச் சட்டம் செய்தபோது, நம்முடைய பாஷைகளைக் குறிக்க 'வெர்னாகுலர்' என்ற சொல்லைச் சட்டத்தின் பெயரிலேயே வைத்தார். அந்தச் சொல்லுக்கு மூலமான லத்தீன் 'வெர்னா' என்பதற்கு எஜமானன் வீட்டிலேயே பிறந்த அடிமை என்று பொருள். கம்பனும் துளசிதாசரும் எழுதிய பாஷைகளுக்கு அடிமை வீட்டு நாற்றம் வீசும் பெயர்! அதிகாரத்தில் இருப்பவனுடைய காது எதைக் கேட்க விரும்பவில்லையோ, அது உளறல் ஆகிவிடுகிறது. சுதந்திரம் பெற்ற பின் நாமாவது திருந்தினோமா? குப்பத்து மனிதர் வந்து தம் குறையைச் சொன்னால், குறையை விட்டுவிட்டு அவருடைய உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிற கனவான்கள் நம்மில் இல்லாமல் இல்லை.

இவ்விதம் உலகத்தார் செவிகளின் குற்றங்களை எல்லாம் கண்டுபிடித்துக்கொண்டு, மிகுந்த திருப்தியுடன் நாம் சித்தப்பாவின் வீட்டுக்குத் திரும்பினோம்.

பள்ளிக்கூடத்திலிருந்து பேத்தி வந்திருந்தாள். எட்டு வயதுக் குழந்தை. பிரெஞ்சும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளியில் படிக்கிறாள். புத்தகப் பையைக்கூட இறக்காமல் தாத்தாவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா மறுபடியும் "தலோ" என்றார். குழந்தை ஒரு நிமிஷம் அவர் வாயையே பார்த்தாள்.

"அம்மா, தாத்தாவுக்குத் தலை வலிக்கவில்லை. தாத்தா தண்ணீர் கேட்கிறார்!" என்றாள்.

பிரெஞ்சில் 'லோ' என்றால் தண்ணீர். கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்கு 'த லோ' என்பார்கள். காலை முதல் அந்த மனிதர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். தாகம் எடுத்தவருக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்!

வீட்டார் ஈரமில்லாதவர்கள் அல்லர். விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் புரையேறும் என்றும், நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறிது சிறிதாகவே தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றும் வைத்தியர் எச்சரித்திருந்தார். அந்தப் பயத்தினால் கஞ்சியோடு சரி என்று விட்டிருந்தார்கள். சித்தப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, அவருடைய பெண் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அழுதுகொண்டே கொடுத்தாள். நமக்கு அந்த அறையில் நிற்க வெட்கமாக இருந்தது. ரொட்டியும் மதுவும் கேட்ட பிரெத்தோன்காரனுக்காக ஆற்றங்கரையில் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், நம் சொந்தச் சித்தப்பாவையே பாரகுவென் பேச வைத்துவிட்டு அல்லவா போயிருந்தோம்!

இந்த நோயைப் பற்றி வைத்திய சாஸ்திரம் அறிந்துகொண்ட வரலாற்றிலும் ஒரு பெயரின் கதை இருக்கிறது. பாரிஸுக்கு அருகில் பிசேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ன் என்பவர் 21 வருஷம் கிடந்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து 'தான், தான்' என்ற ஒலி ஒன்றே பெரும்பாலும் வரும். பிறர் சொல்வது அவருக்கு விளங்கும். இடக்கையின் சைகையினால் பதில் காட்டுவார். ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் அவருடைய பெயரையே 'தான்' என்று ஆக்கிவிட்டார்கள். பர்பர என்று பேசியவன் பர்பரன் ஆனதுபோலவே இதுவும். 1861-இல் அவர் இறந்த பிறகு, பால் புரோக்கா என்னும் வைத்தியர் அவருடைய மூளையைச் சோதித்து, இடது முன்பகுதியில் சேதம் இருக்கக் கண்டார். பேச்சை உருவாக்கும் சக்திக்கு மூளையில் தனி இடம் உண்டு என்பதும், அது கெட்டாலும் அறிவு முற்றும் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதிலிருந்து உலகத்துக்குத் தெரியலாயின. இடது மூளை உடலின் வலப் பக்கத்தை ஆள்வதால்தான், வலக் கை விழும்போது பல சமயங்களில் பேச்சும் கூடவே விழுகிறது.

சரி, தமிழருக்குத் தண்ணீர் ஏன் பிரெஞ்சில் வந்தது? இதைப் பற்றியும் பிரான்ஸிலேயே விவாதம் நடந்திருக்கிறது. பல மொழி அறிந்தவருக்குப் பேச்சு போய்த் திரும்பும்போது, முதலில் கற்றது நிலைத்து நிற்கும் என்ற கருத்தை 1881-இல் ரிபோ என்னும் அறிஞர் கூறினார். அதிகமாகப் பழகிய மொழியே முதலில் திரும்பும் என்று 1895-இல் பீத்ர் என்னும் வைத்தியர் கூறினார். இரண்டுக்கும் விலக்குகள் ஏராளம். எந்த வாசல் வழியாக எந்தச் சொல் முதலில் வெளியே வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே கேட்கிறவர்கள் எல்லா வாசல்களிலும் காத்திருப்பதே விவேகம்.

வைத்தியர்கள் வீட்டாருக்குச் சொல்லும் யோசனைகளும் எளியவைதாம். நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மெதுவாக, சிறு வாக்கியங்களில் பேச வேண்டும். வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட வேண்டும். 'ஆம், இல்லை' என்று தலையசைத்துப் பதில் தரக்கூடிய கேள்விகளாகக் கேட்க வேண்டும். பொருளைக் காட்டியோ படத்தைக் காட்டியோ கேட்கலாம். அவர் பேச முயலும்போது நாம் முந்திக்கொண்டு வாக்கியத்தை முடிக்கலாகாது. புரியாததைப் புரிந்ததாகப் பாவித்துத் தலையை ஆட்டலாகாது. பேச்சுப் பயிற்சியை நாள் தவறாமல் செய்து வந்தால், இழந்ததில் ஒரு பங்கையேனும் பலர் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மீட்டுக்கொள்கிறார்கள். இவற்றுள் மருந்துக்கடையில் வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை.

அன்று இரவு யோசித்தபோது தொல்காப்பியரின் அந்தச் சூத்திரத்துக்கு நமக்குப் புதிய பொருள் தோன்றிற்று. மிலேச்சம், பர்பரம் என்ற சொற்கள் தெளியாத ஒலியில் பிறந்தவை. மனிதனை இகழ்வதில் போய் முடிந்தவை. மழலையோ எதிர்த்திசையில் வந்தது. அது மனிதனில் பிறந்தது. இளைய உயிர் ஒன்று பேசுகிறது என்ற கனிவில் பிறந்தது. தெளிவின்மை என்ற பொருள் பின்னால்தான் அதில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு தாய் தன் குழந்தையின் விளங்காத ஒலியைக் கேட்டு, 'பாலா? நிலாவா? அப்பாவா?' என்று பத்துத் தடவை கேட்டுப் பார்ப்பாள். பதினோராவது தடவை குழந்தை சிரிக்கும். கேட்கிறவளுடைய பொறுமைதான் மழலையை மொழியாக்குகிறது. நாம் ஒவ்வொருவரும் பேசக் கற்றது இப்படித்தான். முதியவர்களின் தளர்ந்த நாவு அதே பொறுமையைத்தான் திருப்பிக் கேட்கிறது. கொடுத்த கடன் அது. வசூலிக்க வரும்போது அதற்கு 'உளறல்' என்று பெயரிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

மறுநாள் காலையில் விடைபெற்றுக்கொள்ளச் சித்தப்பாவின் கட்டிலருகே போனோம். கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். தமிழா, பிரெஞ்சா என்றுகூட விளங்கவில்லை. வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டுப் புறப்பட வாய் எடுத்தோம், எடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டோம். நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தோம்.

"சித்தப்பா, எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றோம்.

அவர் சொன்னார். நான்காவது தடவையில்தான் விளங்கிற்று. பஸ் போய்விட்டது. அதனால் ஒன்றும் மோசமில்லை. அடுத்த பஸ் வந்தது.